ஜன்னலுக்கு ஃபிலிம் ஒட்ட யாரை நம்பலாம்? – கேள்வி பதில்

வீட்டு ஜன்னல், கடை முகப்பு, அலுவலகக் கண்ணாடி என்று சன் ஃபிலிம் ஒட்டுவதுதான் என் தொழில். நம்பி வேலை கொடுக்க ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். கார் கண்ணாடி பற்றிக் கேட்டவர்கள் பொறுத்தருள்க, அது தனிக் கதை.

கேள்வி: சார், மூன்று பேரிடம் விலை கேட்டேன். ஒருவர் போனிலேயே சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்லிவிட்டார். இன்னொருவர் நேரில் வந்து ஒவ்வொரு கண்ணாடியாகப் பார்த்தார், ஆனால் அவர் விலைதான் அதிகம். யாரிடம் கொடுப்பது?

விலை கிடக்கட்டும். வந்தவர் என்னென்ன கேட்டார்? ஒற்றைக் கண்ணாடியா இரட்டையா (நடுவே இடைவெளி விட்ட இரண்டு அடுக்கு), சாதாரணமா டஃபன்ட் கண்ணாடியா (சூடேற்றி வலுவாக்கியது), எந்தப் பக்கம் வெயில், உள்ளே கனமான திரை தொங்குகிறதா? இவற்றைக் கேட்டிருந்தால் அவருக்குத் தொழில் தெரியும். ஃபிலிமைப் பற்றிப் பேசும் முன் கண்ணாடியைப் பற்றிக் கேட்கிறாரா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

காரணம் இருக்கிறது. அடர் நிற ஃபிலிம் வெயிலை உறிஞ்சிக் கண்ணாடியைச் சூடாக்கும். நடுப்பகுதி சூடேறி விரியும். சட்டத்துக்குள் மறைந்திருக்கும் ஓரமோ அவ்வளவு சூடாவதில்லை. அந்த இழுபறியில் ஓரத்திலிருந்து விரிசல் கிளம்பும். கம்பி வலை பதித்தது, லேமினேட் செய்தது (நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டியது), இரட்டைக் கண்ணாடி என்றால் ஆபத்து கூடுதல். டஃபன்ட் கண்ணாடி நன்றாகத் தாங்கும். எந்தக் கண்ணாடிக்கு எந்த ஃபிலிம் பொருந்தும் என்று ஃபிலிம் கம்பெனிகளே அட்டவணை தருகின்றன. அதைக் காட்டச் சொல்லுங்கள். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று பதில் வந்தால் வேறு ஆள் பாருங்கள்.

உங்கள் கண்ணாடி என்ன வகை என்று நீங்களே பார்க்க ஒரு வழி: இருட்டியபின் திரையை ஒதுக்கிவிட்டு, லைட்டர் சுடரைக் கண்ணாடிக்கு முன் பிடித்துச் சாய்வாகப் பாருங்கள். ஒற்றைக் கண்ணாடியில் இரண்டு பிம்பம் தெரியும், இரட்டையில் நான்கு. அதில் ஒன்று மட்டும் நிறம் மாறித் தெரிந்தால் லோ-இ பூச்சு, அதாவது வெப்பத்தைத் திருப்பியனுப்பும் மெல்லிய பூச்சு, ஏற்கெனவே இருக்கிறது. அப்படியானால் கண்ணாடி போட்டவரிடம் அதன் வாரண்டியைக் கேட்காமல் எதையும் ஒட்டாதீர்கள்.

கேள்வி: ஷோரூமில் சூடு விளக்கின் முன் ஃபிலிமைப் பிடித்துக் காட்டினார்கள். கையில் சூடே தெரியவில்லை. 95 சதவீத வெப்பம் நிற்கும் என்கிறார்கள். நம்பலாமா அண்ணா?

அந்த விளக்கு உமிழ்வதில் பெரும்பகுதி அகச்சிவப்புக் கதிர். வெயில் அப்படியில்லை: அதன் ஆற்றலில் ஏறக்குறைய பாதிதான் அகச்சிவப்பு, மீதியில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியும் ஒளி. அதனால் விளக்கை ஜெயித்த ஃபிலிம் வெயிலிடம் தோற்கலாம். போதாததற்கு, சில கம்பெனிகள் அகச்சிவப்பின் ஒரு சிறு அலைநீளப் பகுதியை மட்டும் அளந்து அந்த எண்ணைப் பெரிதாகப் போடுகின்றன.

நீங்கள் கேட்க வேண்டியது டி.எஸ்.இ.ஆர்., அதாவது மொத்த சூரிய ஆற்றலில் எவ்வளவு தடுக்கப்படுகிறது என்ற எண். கூடவே வி.எல்.டி., எவ்வளவு வெளிச்சம் உள்ளே வரும் என்பது. நல்ல கான்ட்ராக்டர் இரண்டும் அச்சடித்த தாளைக் கேட்டதும் நீட்டுவார். புற ஊதாக் கதிரை 99 சதவீதம் தடுக்கும் என்பதில் மயங்க வேண்டாம், தரமான ஃபிலிம் பெரும்பாலும் எல்லாமே அதைச் செய்யும்.

கேள்வி: வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாது, இரவிலும் என்கிறார். உண்மையா?

இல்லை. முகம் பார்க்கும் கண்ணாடி போல மின்னும் ஃபிலிம், வெளிச்சம் கூடிய பக்கத்திலிருந்து பார்ப்பவரின் பார்வையைத்தான் மறைக்கும். இரவில் நீங்கள் விளக்கைப் போட்டதும் வெளியே நிற்பவருக்கு எல்லாம் தெரியும். இதில் பொய் சொல்பவர் வேறு எதில் உண்மை சொல்லப்போகிறார்?

கேள்வி: சொன்ன ஃபிலிமையேதான் ஒட்டுகிறார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பில்லில் கம்பெனி பெயர் மட்டும் போதாது, ஃபிலிமின் முழுப் பெயரும் குறியீடும் இருக்க வேண்டும். வேலை நாளில் ரோல் வந்த பெட்டியின் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வாரண்டி அட்டை உங்கள் பெயரில், ஃபிலிம் கம்பெனியிடமிருந்து வர வேண்டும். கடைக்காரர் லெட்டர்பேடில் எழுதித் தருவது அவர் கடை இருக்கும்வரைதான். உரித்து மறுபடி ஒட்டும் கூலி அதில் அடங்குமா, கண்ணாடியில் விரிசல் விழுந்தால் யார் பொறுப்பு என்பதையும் படியுங்கள்.

அவர் சில வருடங்களுக்கு முன் ஒட்டிய இடம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். போன மாதம் செய்தது எல்லாமே அழகாகத்தான் இருக்கும். மலிவான சாய ஃபிலிம் நாளாக நாளாக ஊதா நிறத்துக்குத் திரும்பும், ஓரம் உரியும்.

கேள்வி: கடை முகப்புக்கு சேஃப்டி ஃபிலிம் போட்டால் கல் எறிந்தாலும் கண்ணாடி உடையாது என்கிறாரே?

உடையும். உடைந்த துண்டுகளைச் சிதறவிடாமல் பிடிப்பதுதான் ஃபிலிமின் வேலை. டஃபன்ட் கண்ணாடியில் இன்னொரு சிக்கல்: உடைந்தால் துகள்கள் ஃபிலிமோடு சேர்ந்து போர்வை போல மொத்தமாகச் சரியும். திருட்டுக்குப் பயந்து போடுவதானால், ஃபிலிமின் ஓரத்தைச் சட்டத்தோடு ஸ்ட்ரக்சுரல் சிலிகோன் என்ற வலுவான பசை வைத்துப் பிணைக்க வேண்டும். கொட்டேஷனில் அந்த வரி இருக்கிறதா பாருங்கள். வாடகைக் கட்டடம் என்றால் உரிமையாளரின் எழுத்து அனுமதி முதலில்.

கேள்வி: ஒட்டி நான்கு நாள் ஆகிறது. அங்கங்கே நீர்க்குமிழி, லேசான மங்கல். ஏமாந்துவிட்டேனா?

அவசரப்படாதீர்கள். ஃபிலிமை சோப்புத் தண்ணீர் தெளித்துத்தான் ஒட்டுகிறோம். ரப்பர் வைப்பரால் எவ்வளவு அழுத்தி இழுத்தாலும் கொஞ்சம் ஈரம் உள்ளே தங்கும். அது காய 30 நாள் வரை ஆகலாம், தடித்த ஃபிலிமுக்கு இன்னும் கூட. ஊசியால் குத்தாதீர்கள், அதுவரை துடைக்கவும் வேண்டாம்.

ஆனால் தூசி காயாது, மடிப்பும் காயாது. பகல் வெளிச்சத்தில், அறைக்குள் 2 மீட்டர் தள்ளி, கண்ணாடிக்கு நேராக நின்று பாருங்கள். அங்கிருந்தே மணல் போலத் துகள் கண்ணை உறுத்தினால் மாற்றித் தரச் சொல்லலாம். ஓரத்தில் ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளி தெரிவது குறையல்ல; ஃபிலிம் சட்டத்தில் முட்டினால்தான் தூக்கிக்கொள்ளும்.

கேள்வி: முழுப் பணமும் முன்கூட்டியே கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். ஒரு பகுதி அட்வான்ஸ் நியாயம், அவர் ரோல் வாங்க வேண்டும். மீதி, வேலையைப் பார்த்தபின்.

கேள்வி: பழைய ஃபிலிமை உரிக்கத் தனியாகக் காசு கேட்கிறார். இன்னொருவர் அதன் மேலேயே ஒட்டிவிடலாம், செலவு மிச்சம் என்கிறார்.

தனியாகக் கேட்பவர் நியாயமானவர். வெயிலில் காய்ந்த பழைய ஃபிலிம் முழுசாக வராது, விரல் அகலத் துண்டாகக் கிழியும். மிச்சப் பசையை ஈரப்படுத்தி, பிளேடை மாற்றி மாற்றிச் சுரண்ட வேண்டும். சில வேளை ஒட்டுவதைவிட அதற்குத்தான் நேரம் பிடிக்கும். மேலேயே ஒட்டலாம் என்பவருக்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.