குடியை நிறுத்த சிங்கப்பூர் யீஷூன் பக்கம் ஆதரவுக் குழு கிடைக்குமா?

நீங்கள் கேட்டது: வீடு யீஷூன், கணவருக்கு ஊபியில் வேலை, தினமும் குடி. விட்டுவிடுகிறேன் என்று அவரே சொல்லிவிட்டார். பக்கத்திலேயே ஒரு குழு வேண்டும், கம்பெனிக்குத் தெரியக்கூடாது, அவருக்குத் தமிழ்தான் சரளம்.

குழுவைத் தேடுவதற்கு முன்னால் ஒன்றைக் கவனியுங்கள். காலையில் கை நடுங்கி, ஒரு மடக்கு உள்ளே போனபிறகுதான் அடங்குகிறதா? அப்படியென்றால் இன்றிரவே பாட்டிலைத் தூக்கி எறிய வேண்டாம். மதுவுக்குப் பழகிய உடம்பில் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். கடைசி மடக்கிலிருந்து ஆறேழு மணி நேரத்தில் வியர்வையும் நடுக்கமும் தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். பிதற்றல், இல்லாததைப் பார்ப்பது எல்லாம் இரண்டு மூன்று நாள் கழித்து. வலிப்போ பிதற்றலோ கண்டால் உடனே 995இல் ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். அந்த நிலைக்கு விடாமல், முன்கூட்டியே பலதுறை மருந்தகத்திலோ, புவாங்கோக் மனநலக் கழகத்தில் உள்ள நாம்ஸ் என்ற போதைப்பழக்கச் சிகிச்சைப் பிரிவிலோ காட்டுங்கள். நாம்ஸ் உதவி எண் 6732 6837. மாத்திரை கொடுத்துக் குடியைப் பக்குவமாக நிறுத்த வைப்பார்கள்.

அங்கே அளவு கேட்பார்கள். 'ரெண்டு கேன்' என்றால் ஒன்றும் புரியாது. 330 மில்லி, 5 சதவீத பீரில் சுத்த ஆல்கஹால் சுமார் 13 கிராம். 500 மில்லி, 8 சதவீத ஸ்ட்ராங் பீரில் 31 கிராமுக்கு மேல். அந்த ரெண்டு கேன் கிட்டத்தட்ட ஐந்து சாதாரண கேனுக்குச் சமம். காலி கேனைப் படம் பிடித்துக் கொண்டுபோனால் போதும்.

இனி குழு. யீஷூனில் தேடாதீர்கள். அவர் குடிக்கும் நேரம் எது, அதற்கு முன் எந்த வழியாக வருகிறார் என்று பாருங்கள். வேலை முடிந்து ரயிலில் வந்து இறங்கி, புளோக் கீழே காப்பிக்கடையைத் தாண்டித்தானே லிஃப்டுக்கு வர வேண்டும்? அங்கே தெரிந்த முகங்கள், மேசையில் ஐஸ் வாளி, 'வா, உட்காரு' என்று இழுக்கிற ஒரு நாற்காலி. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுக் கூட்டத்துக்குப் போகலாம் என்ற திட்டம் இந்த இடத்தில்தான் உடையும். கூட்டம் அவருடைய குடி நேரத்தின் மேலேயே விழ வேண்டும், வேலையிடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கெம்பாங்கான் பக்கம் வீ கேர் என்ற தொண்டு அமைப்பு இருக்கிறது. யீஷூனிலிருந்து ரயில் மாறிப் போக ஒரு மணி நேரம் ஆகும், அவர் வேலையிடத்துப் பக்கமுள்ள பாய லேபாரிலிருந்து இரண்டே நிலையம். எந்தக் குழு எந்த நாளில் என்று போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். வேலைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் வயிற்றைக் காயப்போடக் கூடாது. பசி குடி ஆசையைக் கிளப்பும். ஒரு தட்டு சோறு சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

இரண்டு வகைக் கூட்டங்கள் உண்டு. 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ, 12 படிகள் என்ற வழியில் போகிறது. கடவுள் பேச்சு வரும், கூட்டம் தேவாலய அறையிலும் நடக்கலாம், ஆனால் யாரும் மதம் மாறச் சொல்வதில்லை. ஸ்மார்ட் ரெக்கவரியில் கடவுள் கிடையாது, தாளும் பேனாவும்தான். நான்கு கட்டம் போட்டுக் குடிப்பதில் என்ன லாபம், என்ன நட்டம், விட்டால் என்ன லாபம், என்ன நட்டம் என்று எழுதச் சொல்வார்கள். லாபக் கட்டத்தையும் மறைக்காமல் நிரப்ப வேண்டும், அதில்தான் வேலையே இருக்கிறது. எந்த வகை என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். ஒரே கூட்டத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் ஆறு கூட்டமாவது போகட்டும். முதல் நாள் வாயே திறக்க வேண்டாம், 'மற்றவர்கள் பேசுவதைக் கேட்க வந்தேன்' என்றால் விட்டுவிடுவார்கள். ஏஏ பட்டியலில் 'க்ளோஸ்டு' என்று போட்டிருந்தால் அவர் மட்டும், 'ஓப்பன்' என்றால் நீங்களும் கூடப் போகலாம்.

கம்பெனி பயம் தேவையில்லை. ஏஏயில் ஐசி (அடையாள அட்டை) எண் கேட்பதில்லை, கட்டணமும் இல்லை, கடைசியில் ஒரு பை சுற்றி வரும், விருப்பம் இருந்தால் போடலாம். மருத்துவரிடம் போனால் போலீசுக்குச் சொல்லிவிடுவார்கள் என்று பயப்படுபவர்கள் போதைப்பொருள் விதியைக் குடியோடு குழப்பிக்கொள்கிறார்கள். போதைப்பொருளுக்குத்தான் மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

மொழிதான் கொஞ்சம் சிக்கல். இங்கே கூட்டங்களில் பெரும்பாலும் ஆங்கிலம்தான் ஓடும். தமிழ்நாட்டு ஏஏ குழுக்களின் இணையவழிக் கூட்டங்களைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். அங்கே இரவு 7 என்றால் இங்கே 9.30. தனியாக ஆலோசனை வேண்டுமென்றால், பீட்டி ரோட்டில் உள்ள சிண்டா என்ற இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தில் தமிழ் பேசும் ஆளைக் கேளுங்கள்.

யாராவது 'சாம்பாரில் கலந்து கொடு' என்று மாத்திரை வாங்கித் தந்தால் தொடாதீர்கள். அது பெரும்பாலும் டைசல்ஃபிராம், மதுவோடு சேர்ந்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து. அது உள்ளே இருப்பது தெரியாமல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து ஆளே விழலாம்.

குடிப்பவரின் குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் இருக்கிறது. அவர் நிறுத்தும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை, இந்த வாரமே போகலாம். அவருக்கான போன் அழைப்பை மட்டும் அவரே செய்யட்டும், எண்ணை அழுத்திக் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள்.