'ஐ வில் கோ' எங்கிருந்து வருகிறது?

கேள்வி: தக்கலை பக்கத்தில், நர்சிங் முடித்துவிட்டு, வெளிநாடு போவதற்கான ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ் எழுதப்போகும் பெண்களுக்கு மாலையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்கிறேன். சிறுவயது நினைவைச் சொல்லச் சொன்னால் "டெய்லி ஐ வில் கோ டு த பாண்ட்" என்கிறார்கள். பழைய வழக்கத்தைச் சொல்லும் 'யூஸ்ட் டு' விதியை எத்தனை முறை எழுதிப் போட்டாலும் மாறவில்லை. என்ன செய்ய?

பதில்: சகோதரி, முதலில் அந்தப் பெண்ணைத் திட்டாதீர்கள். "சின்ன வயசுல தெனமும் குளத்துக்குப் போவேன்" என்றுதானே நாம் எல்லாரும் சொல்கிறோம்? நடக்கப்போவதற்கும் 'போவேன்', பழைய வழக்கத்துக்கும் அதே 'போவேன்'. அவள் அதை அப்படியே 'வில்' ஆக்கிவிட்டாள். அந்த 'வில்'லை 'வுட்' என்று மாற்றினால் வாக்கியம் சரி. விதிக்கு முன்னால் இதைச் சொல்லுங்கள்.

அப்புறம், ஆங்கிலத்துக்குப் போகும் முன் தமிழிலேயே சொல்ல விடுங்கள். என் வகுப்பில் கருங்கல் பக்கத்துப் பெண் ஒருத்தி இப்படிச் சொன்னாள்: "வீட்டுக்குப் பின்னால ஒரு அடுப்பு இருந்தது. பாட்டி அதுல அக்கானி (பதநீர்) காய்ச்சுவா, பாகு இறுகினதும் சிரட்டையில ஊத்துவா, ஒட்டினதை நான் சுரண்டித் தின்பேன். ஒருநாள் கை சுட்டுப்போச்சு." பாருங்கள், தேவையான மூன்றும் இதிலேயே இருக்கிறது. அடுப்பு 'இருந்தது' என்பது நிலை, அங்கே 'வுட்' வராது, 'தேர் யூஸ்ட் டு பி' என்று தொடங்கலாம். காய்ச்சுவா, ஊத்துவா, தின்பேன் எல்லாம் திரும்பத் திரும்பச் செய்தவை, அதனால் 'வுட்' தாராளமாக வரும். ஒருநாள் கை சுட்டது ஒரே தடவை நடந்தது, வெறும் இறந்தகாலம், 'ஐ பர்ன்ட் மை ஹேண்ட்'. அவள் கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது, அதைக் காட்டிக் காட்டித்தான் முழுக்கதையையும் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தாள்.

அந்த 'ஒருநாள்' ரொம்ப முக்கியம். தேர்வின் பேச்சுப் பகுதியில் 1 நிமிடம் யோசித்துவிட்டு 2 நிமிடம் வரை பேச வேண்டும். 'யூஸ்ட் டு'வையே அடுக்குகிறவர்கள் நாலு வாக்கியத்தில் நின்றுபோவார்கள், ஒருநாளுக்குள் நுழைந்தவர்களுக்குப் பேச்சு தானாக வரும்.

'யூஸ்ட் டு'வை ஒரே மூச்சில் 'யூஸ்டு' என்று சொல்லப் பழக்குங்கள். 'ஐ ஆம் யூஸ்ட் டு' என்றால் பழகிவிட்டது என்று அர்த்தம், அது வேறு. அதே வாரத்தில் எடுக்காதீர்கள், குழம்பிப்போவார்கள். நாளைக்கு மாத்தூர் தொட்டிப்பாலத்தில் முதல் தடவை நடந்து போனதைக் கேட்டுப் பாருங்கள், 'யூஸ்ட் டு' வாயில் வருகிறதா, 'வாக்ட்' வருகிறதா என்று தெரிந்துவிடும்.