கார் ஸ்டீரியோ: தேர்வும் பொருத்துதலும் (கேள்வி பதில்)

கடலூர், புதுச்சேரி வட்டாரத்து வாசகர்கள் கார் ஸ்டீரியோ பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு, புதுச்சேரியில் கார் ஆடியோ பட்டறை நடத்துபவர் இங்கே பதில் அளிக்கிறார்.

கேள்வி: என்னிடம் இருப்பது பத்து ஆண்டுப் பழைய சிறிய கார். கம்பெனி கொடுத்த சி.டி. செட்டும் முன்கதவுகளில் இரண்டு ஸ்பீக்கர்களும் மட்டுமே உள்ளன. கையில் பதினைந்தாயிரம் ரூபாய் இருக்கிறது. கடையில் ‘50 வாட் × 4’ என்று அச்சிட்ட செட் ஒன்றைக் காட்டி, இதை மாற்றினாலே போதும் என்கிறார்கள். அது சரியா? (திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: முதலில் முன்கதவு ஸ்பீக்கர்களை மாற்றுங்கள், செட் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அட்டைப்பெட்டியில் உள்ள அந்த 50 வாட் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் இதன் காரணம் புரியும். இன்ஜின் ஓடும்போது காரின் மின்சாரம் ஏறத்தாழ 14 வோல்ட். செட்டுக்குள் இருக்கும் சிறிய ஆம்ப்ளிஃபையர் சிப் அந்த 14 வோல்ட்டை முழுமையாக 4 ஓம் ஸ்பீக்கருக்குள் தள்ளினால் கணக்குப்படி ஏறக்குறைய 50 வாட் வரும். ஆனால் அந்த நிலையில் ஒலி முழுவதும் சிதைந்து, பாட்டு வெறும் கரகரப்பாகத்தான் கேட்கும். சிதைவில்லாமல் தொடர்ந்து கிடைக்கக்கூடியது, அதாவது ஆர்.எம்.எஸ். என்று குறிப்பிடப்படும் அளவு, ஒரு ஸ்பீக்கருக்குப் பெரும்பாலும் 15 முதல் 20 வாட் வரையில்தான் இருக்கும். விலை குறைந்த செட்டானாலும் விலை உயர்ந்த செட்டானாலும், தனி ஆம்ப்ளிஃபையர் இல்லாதவரை இதில் பெரிய வேறுபாடு இராது.

ஆகவே அந்த 15 வாட்டிலேயே நன்றாகப் பேசும் ஸ்பீக்கரைத் தேடுவதே அறிவுடைமை. பெட்டியின் மேல் ‘300 வாட்’ என்று பெரிதாக எழுதியிருப்பதை விட்டுவிட்டு, சென்சிடிவிட்டி (ஒரே வாட்டில் எவ்வளவு சத்தம் தரும் என்பதன் அளவு) எத்தனை டெசிபெல் என்று பாருங்கள். 87 டெசிபெல் ஸ்பீக்கருக்கும் 90 டெசிபெல் ஸ்பீக்கருக்கும் உள்ள வேறுபாடு எண்ணில் சிறிதாகத் தோன்றினாலும், முதல் ஸ்பீக்கர் இரண்டாவதன் சத்தத்தை எட்ட வேண்டுமானால் இரு மடங்கு வாட் தேவைப்படும். உங்கள் தொகையில் முன்கதவுகளுக்கு நல்ல கோஆக்சியல் ஸ்பீக்கர் (நடுவிலேயே உச்ச ஒலிக்கான சிறிய ஸ்பீக்கரும் அமைந்தது) ஒரு ஜோடி, கதவுகளின் அதிர்வைக் குறைக்க உள்தகட்டில் ஒட்டும் டேம்பிங் ஷீட், சரியான கூலி ஆகிய மூன்றும் அடங்கும். மிச்சமிருந்தால் புளூடூத் வசதியுள்ள எளிய செட் வாங்கலாம். பின்சீட்டுக்குப் பின்னால் வைக்கும் 6×9 ஓவல் ஸ்பீக்கரை உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பாட்டு முன்னாலிருந்து வர வேண்டும். முதுகுக்குப் பின்னால் குரல் கேட்கும் காரில் நெடுந்தூரம் போவது களைப்பையே தரும்.

கேள்வி: கடலூர் முதுநகரில், கடலுக்கு மிக அருகில் வசிக்கிறோம். புதிதாகப் போட்ட ஸ்பீக்கர்கள் இரண்டே மழைக்காலத்தில் கரகரக்கத் தொடங்கிவிட்டன. ஆம்ப்ளிஃபையரும் குண்டு குழியில் ஏறி இறங்கும்போது அணைந்து எரிகிறது. உப்புக்காற்றுதான் காரணமா?

பதில்: உப்புக்காற்று பாதிக் காரணம், அந்தக் காற்றுக்கு வழிவிட்ட இணைப்புகள் மீதிக் காரணம். முதுநகர், தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் பகுதிகளிலிருந்து வரும் கார்களின் டாஷ்போர்டைப் பிரித்தால் நான் திரும்பத் திரும்பக் காணும் காட்சி ஒன்று உண்டு. இரண்டு வயர்களைக் கையால் முறுக்கி, மேலே கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருப்பார்கள். சித்திரை வெயிலில் டேப்பின் பசை இளகி வழிந்து, டேப் தானாகவே பிரிந்து நிற்கும். அதை உரித்தால் உள்ளே செம்பு இழைகள் பச்சை பூத்திருக்கும். விரலால் தொட்டாலே ஒவ்வோர் இழையாக உதிரும். கார் குலுங்கும்போது உங்கள் ஆம்ப்ளிஃபையர் அணைவதற்கு இத்தகைய ஓர் இணைப்போ, துருவேறிய எர்த் முனையோதான் (காரின் உடல் தகட்டில் சேரும் நெகடிவ் இணைப்பு) காரணமாக இருக்க வேண்டும். பெரும்பாலும் ஆம்ப்ளிஃபையரில் குறை இராது. அதை மாற்றச் சொன்னால் அவசரப்பட வேண்டாம்.

வயரையும் ஒரு முறை சோதித்துவிடுங்கள். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பவர் கேபிள்களில் பல, அலுமினியத்தின் மேல் மெல்லிய செம்புப் பூச்சு கொண்டவை. பார்வைக்குச் செம்பு போலவே இருக்கும். நுனியை நறுக்கி, ஓர் இழையை மட்டும் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். அதன் மின்கடத்தும் திறன் செம்பைவிட மிகக் குறைவு. அதோடு உப்பு ஈரம் பட்டால் வெள்ளைப் பொடியாகக் கரைந்துபோகும். வெளியே வெள்ளையாகவும் சுரண்டினால் உள்ளே சிவப்பாகவும் இருப்பது வெள்ளீயம் பூசிய செம்பு. கடற்கரை ஊர்களுக்கு அதுவே மிகச் சிறந்தது. இணைப்புகளை முறுக்கி விடாமல், உரிய கருவியால் கிரிம்ப் செய்து (உலோகக் குழாய்க்குள் வைத்து நசுக்கி இறுக்கி), உட்புறம் பசையுள்ள, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடச் சொல்லுங்கள். கூலி சற்றுக் கூடும். ஆனால் கேட்டுச் செய்துகொள்ள வேண்டிய வேலை அது.

கரகரக்கும் ஸ்பீக்கரைப் பொறுத்தவரை, கதவைப் பிரிக்கும்போது உள்ளே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக் கிழித்துவிட்டார்களா என்று பாருங்கள். மழை பெய்யும்போது கண்ணாடி வழியாக வழியும் நீர் கதவின் உள்ளே இறங்கி, அடியிலுள்ள துளைகள் வழியாக வெளியேறுவது இயல்பு. அந்தத் தாள்தான் நீர் காருக்குள் வராமல் தடுக்கிறது. ஸ்பீக்கரின் பின்புறத்தில் நீர் சொட்டாமலிருக்கச் சிறிய ரப்பர் மறைப்பும் வேண்டும். டேம்பிங் ஷீட் ஒட்டுபவர்கள் சிலர் ஆர்வத்தில் அந்த அடித்துளைகளையும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். கதவு உள்ளிருந்து அரிக்க அதுவே போதும். அடுத்த முறை ஸ்பீக்கர் வாங்கும்போது கோன் பாலிப்ரொப்பிலீனாகவும், அதைச் சுற்றியுள்ள வளையம் ரப்பராகவும் இருக்கட்டும். நம் ஊர் ஈரத்தில் ஃபோம் வளையம் சில ஆண்டுகளில் பொடிந்துவிடும்.

கேள்வி: புதுச்சேரியில் வாங்கினால் விலை குறையும் என்று கடலூரில் எல்லோரும் சொல்கிறார்கள். அங்கே போய் வாங்கலாமா? (மஞ்சக்குப்பம்)

பதில்: அந்தப் பேச்சுக்கு அடிப்படையாக இருந்தது பழைய விற்பனை வரி வேறுபாடு. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்த பிறகு, இத்தகைய பொருள்களுக்கு இரண்டு ஊர்களிலும் ஒரே வரி விகிதம்தான். ஒரு கடை குறைத்துக் கொடுக்கிறது என்றால் அது அந்தக் கடைக்காரரின் விருப்பம். அல்லது பில் இல்லாத வியாபாரம். பில் இல்லாமல் வாங்கினால் வாரண்டி கேட்கும் உரிமையை இழந்துவிடுவீர்கள். வேலையைச் செய்து கொடுத்தவர் கூப்பிடும் தூரத்தில் இருப்பதே நல்லது.

கேள்வி: பெரிய தொடுதிரை ஆண்ட்ராய்டு செட் போட விரும்புகிறேன். இணையத்தில் மிகக் குறைந்த விலைக்கெல்லாம் கிடைக்கிறது. வாங்கலாமா? (வில்லியனூர்)

பதில்: முதலில் உங்கள் டாஷ்போர்டில் உள்ள இடத்தை அளந்துகொள்ளுங்கள். செட்டுகளுக்கான இரண்டு நிலையான அளவுகளில் சிங்கிள் டின் என்பது ஏறத்தாழ 180 மி.மீ. அகலமும் 50 மி.மீ. உயரமும் கொண்டது, டபுள் டின் என்பது அதே அகலத்தில் 100 மி.மீ. உயரம் கொண்டது. 9 அங்குலத் திரைக்கு உங்கள் காரின் மாடலுக்கென்றே செய்த சட்டம் தேவை. அது கிடைக்காத நிலையில் டாஷ்போர்டை அறுத்துப் பொருத்த யாரையும் அனுமதிக்காதீர்கள்.

மலிவான ஆண்ட்ராய்டு செட்டுகளில் நான் காணும் பெரிய குறை வெப்பம். கடற்கரைச் சாலையில் பகல் முழுவதும் நிறுத்தியிருந்த காருக்குள் ஏறி செட்டைப் போட்டால், திரை தடுமாறும் அல்லது தானே அணைந்து மீண்டும் தொடங்கும். விளம்பரத்தில் சொல்லும் நினைவகத்தின் அளவும் எப்போதும் உண்மையாக இருப்பதில்லை. உங்களுக்குத் தேவை வழிகாட்டும் வரைபடமும் பாட்டும் மட்டும்தான் என்றால், ஆண்ட்ராய்டு ஆட்டோவும் கார்ப்ளேயும் கொண்ட, பெயர்பெற்ற நிறுவனத்தின் செட்டை வாங்குவது மேல். அதில் வேலையை உங்கள் செல்போன் செய்கிறது. போனை மாற்றும்போது வசதியும் கூடவே புதுப்பிக்கப்படுகிறது. ஹேண்ட்பிரேக் போட்டால் மட்டுமே படம் ஓட வேண்டும் என்பதற்காக ஒரு வயர் கொடுத்திருப்பார்கள். அதை எர்த்தில் சேர்த்துவிட்டு, ஓட்டும்போதும் படம் தெரியச் செய்து தருகிறோம் என்று சொன்னால் மறுத்துவிடுங்கள். உங்கள் வீட்டார் அமர்ந்திருக்கும் கார் அது.

கேள்வி: ஆம்ப்ளிஃபையர் போட்டதிலிருந்து ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் விசில் போன்ற ஒலி ஏறி இறங்குகிறது. (லாஸ்பேட்டை)

பதில்: அது ஆல்டர்னேட்டரின் (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் கருவி) இரைச்சல். செட்டிலிருந்து ஒலி சிக்னலைக் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. வயர்களை ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றிவிட்டு இன்ஜினை ஓடவிடுங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் அது செட்டின் பக்கமிருந்தோ அந்த வயர் வழியாகவோ நுழைகிறது. நிற்காவிட்டால் ஆம்ப்ளிஃபையரின் எர்த்தைப் பாருங்கள். எர்த் வயர் பவர் வயரின் அதே தடிமனில், அரை மீட்டருக்குள், பெயின்ட்டைச் சுரண்டி வெறும் தகடு தெரியும் இடத்தில் இறுகத் திருகப்பட்டிருக்க வேண்டும். பெயின்ட்டின் மேலேயே திருகு போட்டிருப்பதுதான் பல கார்களில் குறை. பவர் வயர் காரின் ஒரு பக்கமாகவும் ஆர்.சி.ஏ. வயர் மறுபக்கமாகவும் செல்லட்டும். செட்டின் சிக்னல் அளவுக்கு ஆம்ப்ளிஃபையரைப் பொருத்தும் கெயின் திருகியைச் சத்தம் கூட்டும் குமிழாகக் கருதி முழுவதும் திருப்பி வைத்திருந்தால் அதையும் குறையுங்கள்.

பவர் வயரைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 500 வாட் ஆர்.எம்.எஸ். ஆம்ப்ளிஃபையர் முழுச் சத்தத்தில் 45 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 சதுர மி.மீ. வயரை ஐந்து மீட்டர் இழுத்தால் அந்த வயரிலேயே ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் இழந்துவிடுவோம், வயரும் கொதிக்கும். 10 சதுர மி.மீ. செம்பு வயரில் இந்த இழப்பு அரை வோல்ட்டுக்கும் குறைவு. அந்த வயர் பேட்டரியிலிருந்து புறப்பட்டு 45 செ.மீ. தூரத்துக்குள் ஒரு ஃபியூஸ் கட்டாயம் இருக்க வேண்டும். ஆம்ப்ளிஃபையரிலேயே ஃபியூஸ் இருக்கிறதே என்று சிலர் வாதிடுவார்கள். அது ஆம்ப்ளிஃபையரைக் காக்கும்; நடுவில் வயர் தகட்டில் உரசினால் காரைத் தீயிலிருந்து காப்பது பேட்டரி அருகிலுள்ள ஃபியூஸ் மட்டுமே.

கேள்வி: நாதசுரக் கச்சேரிகளையே அதிகம் கேட்பேன். எனக்கு சப்வூஃபர் (ஆழ்ந்த ஒலிக்கான தனி ஸ்பீக்கர்) தேவையா? (நெய்வேலி)

பதில்: தேவை, ஆனால் சிறியதாக. நாதசுரத்துக்கு முன்கதவு ஸ்பீக்கரும் ட்வீட்டரும் (உச்ச ஒலிக்கான சிறிய ஸ்பீக்கர்) போதும்; தவிலின் இடப்பக்கமான தொப்பியில் கழி விழும் அடிதான் சாதாரணக் கதவு ஸ்பீக்கரில் முழுமையாக வருவதில்லை. முன்சீட்டுக்கு அடியில் வைக்கும் 8 அங்குல சப்வூஃபரோ, டிக்கியில் மூடிய பெட்டியில் வைத்த 10 அங்குலமோ போதுமானது. துளையுள்ள பெட்டி அதிகச் சத்தம் தரும் என்றாலும் அடியின் ஓசை நீண்டு தேய்ந்து, அடுத்த அடியின் மேல் படிந்துவிடும். வலப்பக்கமான வலந்தலையில் விரலால் வாசிக்கும் சொற்கள் அதில் மங்கிப்போகும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மட்டும் சப்வூஃபருக்கும், மேலே உள்ளதைக் கதவு ஸ்பீக்கருக்கும் பிரித்து விடுங்கள். பாஸ் பூஸ்ட்டை அணைத்து வையுங்கள். சப்வூஃபரின் ஃபேஸ் சுவிட்சை (ஒலியலையைத் தலைகீழாகப் புரட்டுவது) இரண்டு நிலைகளிலும் வைத்து, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து கேட்டு, எதில் தவில் முன்னால் வருகிறதோ அதிலேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி: இரண்டு நாள் கார் எடுக்காவிட்டால் பேட்டரி இறங்கிவிடுகிறது. புதிய செட் போட்ட பிறகுதான் இப்படி. (பாகூர்)

பதில்: செட்டின் மஞ்சள் வயர் எப்போதும் 12 வோல்ட் பெற வேண்டும், சிவப்பு வயர் சாவி திருப்பினால் மட்டுமே பெற வேண்டும். இரண்டையும் ஒன்றாக, எப்போதும் மின்சாரம் வரும் இணைப்பில் சேர்த்திருந்தால் செட் உறங்குவதே இல்லை. ஆம்ப்ளிஃபையர் இருந்தால் அதன் ரிமோட் வயரையும் (ஆம்ப்ளிஃபையரை இயக்கி அணைக்கும் சிக்னல் வயர்) பாருங்கள். அது செட்டின் நீலம்-வெள்ளை வயரிலிருந்து வர வேண்டும். காரைப் பூட்டி அரை மணி நேரம் கழித்து பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் முனைக்கும் இடையே மல்டிமீட்டரை இணைத்து அளந்தால் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அதிகமிருந்தால் செட்டின் ஃபியூஸை உருவிப் பாருங்கள். அளவு சரிந்தால் குற்றவாளி தெரிந்துவிடும். மீட்டர் இணைப்பில் இருக்கும்போது இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் கூடாது.

கேள்வி: 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் சீட்டின் அடி வரை நீர் ஏறியது. அப்போது சீட்டுக்கு அடியிலிருந்த ஆம்ப்ளிஃபையர் இப்போதும் வேலை செய்கிறது. அப்படியே விட்டுவிடலாமா? (ரெயின்போ நகர்)

பதில்: விட வேண்டாம். நீர் வற்றினாலும் உப்பும் சேறும் சர்க்யூட் பலகையில் தங்கி, மெல்ல அரித்துக்கொண்டே இருக்கும். பேட்டரி நெகடிவைக் கழற்றிவிட்டு ஆம்ப்ளிஃபையரை வெளியே எடுத்து, தெரிந்தவரிடம் கொடுத்து, மூடியைத் திறந்து ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவிக் காயவைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். தரை விரிப்பின் அடியில் ஓடும் வயர் இணைப்புகள் அனைத்தையும் திறந்து பாருங்கள். மீண்டும் பொருத்தும்போது பின்சீட்டின் முதுகுப்புறத்திலோ டிக்கியின் பக்கச்சுவரிலோ உயரத்தில் பொருத்துங்கள். தாழ்ந்த தெருக்களில் கார் நிறுத்துபவர்களுக்கு சீட்டின் அடி நிரந்தர இடமாகாது.

கேள்வி: புதுக் கார். வெளியே செட் மாற்றினால் வாரண்டி போய்விடும் என்கிறார்கள். (தவளக்குப்பம்)

பதில்: கம்பெனி வயரை வெட்டினால் மின்சாரப் பகுதிக்கான வாரண்டியை மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். உங்கள் மாடலுக்கான கப்ளரை (கம்பெனி வயரின் முனையில் செருகும் இணைப்பான்) வாங்கி, ஒரு வயரைக்கூட வெட்டாமல் செருகும் முறையில் செய்யச் சொல்லுங்கள். ஸ்டீரிங் பொத்தான்களும் ரிவர்ஸ் கேமராவும் வேலை செய்வதற்குச் சில கார்களில் கேன்பஸ் டிகோடர் (காரின் கணினிச் செய்திகளைச் செட்டுக்குப் புரியவைக்கும் சிறு பெட்டி) வேண்டும். அதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். முன்தூணில் ட்வீட்டர் பொருத்தும் முன் அங்கே கர்ட்டன் ஏர்பேக் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அந்தத் தூணைத் தொடவே கூடாது. சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கப்ளர் தென்பட்டால் அது ஏர்பேக்குக்குரியது. அதை யாரும் கழற்றிப் பார்க்க விடாதீர்கள். எடுத்த பழைய செட்டையும் ஸ்பீக்கர்களையும் கடையிலேயே விட்டுவராமல் வீட்டில் பத்திரப்படுத்துங்கள். காரை விற்கும்போது அவற்றைத் திரும்பப் பொருத்திவிட்டு, புதியவற்றை அடுத்த காருக்குக் கொண்டுபோகலாம்.

கேள்வி: 64 ஜி.பி. பென்டிரைவைச் செட் படிக்க மறுக்கிறது; கணினியில் நன்றாகத் திறக்கிறது. (பண்ருட்டி)

பதில்: பல செட்டுகள் ஃபேட்32 என்ற சேமிப்பு வடிவத்தை மட்டுமே படிக்கும், 64 ஜி.பி. பென்டிரைவ்கள் பொதுவாக வேறு வடிவத்தில் வருகின்றன. 32 ஜி.பி. அளவில் ஒன்று வாங்கி ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்து, பாட்டுகளை 320 கே.பி.பி.எஸ். தரத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஏறத்தாழ மூவாயிரம் பாட்டு அதில் அடங்கும்.