லீக்ஸைக் கண்டாலே ஓடும் பிள்ளை

கேள்வி: சூப்புக்கென்று சேர்த்து விற்கும் காய்க் கட்டில் கேரட், டர்னிப்போடு லீக்ஸும் (வெங்காய இனத்துத் தண்டுக் காய்) வருகிறது. என் நாலு வயது மகள் அதை வாயில் வைத்ததுமே துப்பிவிடுகிறாள். இப்போது மற்றக் காய்களையும் ஒதுக்குகிறாள். அரைத்து, தெரியாமல் கலந்து கொடுக்கலாமா அக்கா?
– ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: வேண்டாம் தங்கச்சி. அரைத்தால் வயிற்றுக்குள் போகும், கண்ணுக்கும் நாக்குக்கும் பழகாது. இந்த வயதில் புதுச் சாப்பாட்டுக்கு மிரள்வது இயல்புதான். ஒரு காய் பிடித்துப்போக 10, 15 தடவைகூடத் தட்டில் வர வேண்டியிருக்கும். நாமோ மூன்றாம் தடவையே விட்டுவிடுகிறோம்.

முதலில் லீக்ஸைக் கவனியுங்கள். அவள் துப்புவது மண்ணாகவும் இருக்கலாம். தண்டு வெள்ளையாக வளர, அடியில் மண் அணைத்துக்கொண்டே போவார்கள். அது மடிப்புகளுக்குள் புகுந்துவிடும். மேலே கழுவினால் போகாது. வேர்ப்பக்கம் கொஞ்சம் விட்டுத் தண்டை நீளமாகப் பிளந்து கொடுங்கள், பேசின் தண்ணீரில் அவளே அலசட்டும். மடல் மடலாக விரிய, மண் அடியில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். தான் கழுவின காயைப் பிள்ளைகள் கொஞ்சமாவது நக்கிப் பார்க்கும்.

அப்புறம் வேகவைப்பது. அரைவேக்காட்டு லீக்ஸ் நார் நாராகப் பல்லில் மாட்டும், பெரியவர்களுக்கே பிடிக்காது. முற்றின கரும்பச்சை இலையைச் சூப்பில் போட்டு, சாரம் இறங்கியதும் எடுத்துவிடுங்கள். வெள்ளையையும் இளம்பச்சையையும் குறுக்கே மெல்லிசாக நறுக்குங்கள். கடுகு, சீரகம், கறிவேப்பிலை தாளித்து, லீக்ஸும் உப்பும் போட்டு மூடி, சிறு தீயில் 15 முதல் 20 நிமிடம் வைக்க வேண்டும். கருக விட்டால் கசந்துவிடும். குழைந்து இனிப்பு ஏறியதும் அவித்த உருளைக்கிழங்கை உதிர்த்துப் பிரட்டி, ரொட்டியில் சுருட்டிக் கொடுங்கள். பச்சைமிளகாய் பெரியவர்கள் பங்கில் மட்டும்.

தட்டில் ஒரே ஒரு ஸ்பூன் போதும், பக்கத்தில் அவளுக்குப் பிடித்தது ஏதாவது இருக்கட்டும். நீங்களும் அதையே சாப்பிடுங்கள். "இதைத் தின்றால் சாக்லேட்" என்று மட்டும் சொல்லாதீர்கள். சாக்லேட்தான் உயர்ந்தது, காய் தண்டனை என்று ஆகிவிடும். வீட்டில் ஆயா (பாட்டி) இருந்தால் பாவம் பார்த்து வேறு தட்டு கொண்டுவருவார்; அவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். மிச்சம் வைத்தால் திட்ட வேண்டாம். சில நாள் கழித்து மறுபடி வையுங்கள்.

காய் மட்டுமல்ல, சோறு, பருப்பு என்று எல்லாவற்றையும் ஒதுக்கி, பிள்ளையின் வளர்ச்சியைக் குறித்துவைக்கும் ரோட் டு ஹெல்த் புத்தகத்தில் எடைக்கோடு ஏறாமல் நின்றால், தாமதிக்காமல் கிளினிக்கில் காட்டுங்கள்.