கொலாஜன் பவுடர் வாங்கலாமா, டாக்டர்?

கேள்வி: எனக்கு 48 வயது. வண்டிப்பெரியார் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் 24 வருடமாகக் கொழுந்து பறிக்கிறேன். மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் ஆகிறது. அதற்கப்புறம் முகத்தோல் சட்டென்று தளர்ந்துவிட்டது. கண்ணோரம் சுருக்கம், இரண்டு கன்னத்திலும் மங்கு. எர்ணாகுளத்தில் வேலை பார்க்கும் மகள் கொலாஜன் பவுடர் குடிக்கச் சொல்கிறாள். மாதம் 1,800 ரூபாய் ஆகுமாம். பக்கத்து லயத்து (எஸ்டேட் வரிசை வீட்டு) அக்கா, ஆட்டுக்கால் சூப் குடி, எலுமிச்சம்பழத்தை முகத்தில் தேய், போதும் என்கிறார். எட்டு மாதமாகக் கடையில் கொடுத்த ஒரு க்ரீம் பூசுகிறேன். முதலில் முகம் நன்றாக வெளுத்தது. இப்போது வெயில் பட்டால் எரிகிறது, இரண்டு நாள் பூசாமல் விட்டால் சிவந்து தடிக்கிறது. பவுடர் வாங்கலாமா, டாக்டர்?

பதில்: சகோதரி, பவுடரைப் பற்றிப் பிறகு பேசுவோம். அந்த க்ரீமைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்களே, எனக்குக் கவலை தந்தது அதுதான்.

பூச ஆரம்பித்ததும் வெளுப்பது, மாதங்கள் போனபின் வெயிலில் எரிவது, விட்டால் சிவந்து தடிப்பது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அந்த டியூபுக்குள் ஸ்டீராய்டு என்ற, அழற்சியை அடக்கும் மருந்து இருக்க வாய்ப்பு மிக அதிகம். கம்பத்தில் என்னிடம் வருபவர்களில் இந்தக் கதையோடு வராத வாரம் இல்லை. கல்யாணத்துக்கு முன் நிறம் வரட்டும் என்று ஆரம்பித்த பெண், சவரம் செய்த எரிச்சலுக்குப் பூசிய பையன், மங்குக்குப் பூசிய அம்மா என்று எல்லோரும் உண்டு. கண்ணாடியில் கன்னத்தைக் கிட்டத்தில் பாருங்கள். மெல்லிய சிவப்பு நூல் போல ரத்தக் குழாய்கள் தெரிகின்றனவா? புதிதாகப் பூனைமுடி வளர்ந்திருக்கிறதா? சின்னச் சின்னப் பரு வருகிறதா? தெரிந்தால் சந்தேகம் இன்னும் உறுதி.

தோலுக்கு உறுதி தரும் புரதம்தான் கொலாஜன். ஸ்டீராய்டு க்ரீம் அது உருவாவதையே அடக்கும். அதனால்தான் தோல் மெலிந்து உள்ளிருக்கும் ரத்தக் குழாய் வெளியே தெரிகிறது. ஒரு கையால் கொலாஜனைக் கூட்டப் பவுடர் தேடுகிறீர்கள், இன்னொரு கையால் அதைக் குறைக்கிற மருந்தைத் தினமும் பூசிக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் மேல் தப்பு இல்லை. 2018-இல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. அப்படியும் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிற கடைகள் மலைக்கு மேலேயும் இருக்கின்றன, கீழேயும் இருக்கின்றன.

டியூபில் கம்பெனிப் பெயர், உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியல், தயாரித்த தேதி எதுவுமே இல்லை என்றால் இன்னொரு பயமும் உண்டு. அது பாதரசம். தோலை வெளுக்க வைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை சிறுநீரில் புரதம் ஒழுகும் ஒரு நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அதில் 15 பேருக்கு நோயின் அடையாளம் ஒரே மாதிரி இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்பாக்கும் க்ரீம் பூசியவர்கள். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-இல் ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்று பெயர் வைத்து அழகுப் பொருள் விற்கும் கடைகளில் சோதனை போட்டதும் இத்தகைய பொருள்களைப் பிடிக்கத்தான். உங்களுக்குக் கால் வீக்கமோ சிறுநீரில் அடங்காத நுரையோ இருந்தால் தாமதிக்க வேண்டாம். இல்லாவிட்டாலும் ஒரு தடவை சிறுநீரில் புரதம் பார்த்துவிடுங்கள். சின்னப் பரிசோதனைதான், எஸ்டேட் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கேட்டுப் பாருங்கள்.

எந்தப் பெயரும் இல்லாத க்ரீம் என்றால் இன்றே நிறுத்துங்கள். பெயர் போட்ட ஸ்டீராய்டு டியூப் என்றால், அடுத்த டியூப் வாங்காமல் இந்த வாரமே தோல் மருத்துவரைப் பாருங்கள். எட்டு மாதம் பூசியதைச் சட்டென விட்டால் சிலருக்கு முகம் வாரக்கணக்கில் பொங்கும். அந்த எரிச்சல் தாங்காமல் மறுபடி அதே டியூபை எடுத்தவர்கள் நிறையப் பேர். வீரியம் குறைந்த மருந்துக்கு மாற்றிப் படிப்படியாக நிறுத்த வழி இருக்கிறது. கே.கே. ரோட்டில் (கோட்டயம்–குமுளி சாலை) பஸ் ஏறினால் கோட்டயம் மெடிக்கல் காலேஜ், மலை இறங்கினால் தேனி அரசு மருத்துவக் கல்லூரி. எது தோதுப்படுகிறதோ அங்கே போங்கள். டியூபோடு அதன் அட்டைப் பெட்டியையும் கையில் எடுத்துப் போங்கள்.

சரி, இப்போது நீங்கள் கேட்ட விஷயம்.

கையைத் தூக்கி, அக்குளுக்குக் கொஞ்சம் கீழே மேல்கையின் உட்புறத் தோலைப் பாருங்கள். அதன் பக்கத்தில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். உட்புறம் வழவழப்பாக, ஒரே நிறமாக இருக்கும். புறங்கை வரண்டு, புள்ளி விழுந்து, கிள்ளிவிட்டால் மெதுவாகத்தான் படியும். இரண்டுக்கும் 48 வயதுதான். ஒரே சாப்பாடு, ஒரே ரத்தம், மாதவிலக்கு நின்றதும் இரண்டுக்கும் ஒரே நாளில்தான். வித்தியாசம் 24 வருட வெயில் மட்டும். என்னிடம் வருபவர்களை நான் முதலில் இதைத்தான் செய்து பார்க்கச் சொல்வேன். செய்து பார்த்தவர்களுக்கு அப்புறம் நான் அதிகம் பேச வேண்டியிருக்காது.

தோலின் உள்ளடுக்கில், ஈரத்தை நீக்கிப் பார்த்தால் ஏறத்தாழ முக்கால் பங்கு கொலாஜன்தான். மூன்று பிரிகளை முறுக்கிய கயிறு போன்ற புரதம் அது. இளவயது தாண்டியதும் வருடத்துக்கு ஏறத்தாழ 1 சதவீதம் என்ற கணக்கில் குறைந்துகொண்டே வரும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற முதல் ஐந்து வருடத்தில் மட்டும் 30 சதவீதம் வரை குறையலாம், அதற்கப்புறம் வேகம் தணியும். ‘சட்டென்று தளர்ந்துவிட்டது’ என்று நீங்கள் எழுதியது பிரமை இல்லை. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்ததன் பலன் அது. ஆனால் தோலுக்காக மட்டும் ஹார்மோன் மாத்திரை எடுக்க நான் சொல்ல மாட்டேன். இரவில் வியர்த்துக் கொட்டுவது, தூக்கம் கெடுவது போன்ற தொல்லை இருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் அதைத் தனியாகப் பேசுங்கள்.

வயதும் ஹார்மோனும் நம் கையில் இல்லை. வெயில் ஓரளவு நம் கையில் இருக்கிறது. வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் தோலுக்குள் போய், கொலாஜனை அறுக்கிற நொதிகளைத் தூண்டிவிடுகிறது. அதில் ஒரு வகைக் கதிர் ஜன்னல் கண்ணாடியைக் கூடத் தாண்டி வரும். அமெரிக்காவில் 28 வருடம் லாரி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படம் 2012-இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. ஜன்னல் பக்கமிருந்த இடது கன்னம் மட்டும் பாளம் பாளமாகத் தடித்து மடிப்பு விழுந்திருக்கும். அங்கே ஸ்டீயரிங் இடதுபுறம். நம் குமுளிச் சாலையில் வருடக்கணக்காக ஏறி இறங்கும் டிரைவர் அண்ணன்களிடம் வலது கன்னத்தையும் வலது முழங்கையையும் பாருங்கள், உங்களுக்கே தெரியும்.

மலையில் இருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்வது, ‘இங்கே வெயிலே இல்லையே டாக்டர், குளிராகத்தானே இருக்கிறது’ என்பது. குளிர் வேறு, கதிர் வேறு. காற்று சில்லென்று இருப்பதால் கதிர் குறையாது. மாறாக, ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். மெல்லிய மேகமும் அதைப் பெரிதாகத் தடுக்காது. வண்டிப்பெரியார் இருக்கும் அட்சரேகையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம், இந்தக் கதிர் எவ்வளவு என்று காட்டும் புறஊதாக் குறியீட்டு எண்ணை வெளியிடுகிறது. 11-ஐத் தொட்டால் அது மிகத் தீவிரம். டிவியிலோ போனிலோ வரும்போது மழை அறிவிப்பைப் பார்ப்பது போல அதையும் பாருங்கள்.

தேயிலைக் காட்டில் நிழல் கிடையாது, கொழுந்து பறிக்கும் நேரத்தை நீங்கள் மாற்றவும் முடியாது. ‘பத்து மணிக்கு மேல் வெளியே போகாதீர்கள்’ என்று உங்களுக்கு எழுதினால் அதில் அர்த்தம் இல்லை. அதனால் துணியைத்தான் நம்புங்கள். சேலைக்கு மேல் போடும் முழுக்கைச் சட்டை நல்ல பழக்கம், விடாதீர்கள். நெருக்கமாக நெய்த, அடர் நிறத் துணி நன்றாகத் தடுக்கும். சாயம் போய் நைந்த சட்டையும் நனைந்த மெல்லிய பருத்தியும் அவ்வளவாகத் தடுக்காது. தலையில் கட்டும் துண்டு முடியை மூடும், கன்னத்தையும் மூக்கையும் மூடாது. துண்டுக்கு மேல் சுற்றிலும் நாலு விரல் அகல விளிம்புள்ள தொப்பி வையுங்கள். உங்கள் மங்கு எங்கே இருக்கிறது என்று பாருங்கள், துண்டு மறைக்காத இடத்தில்தான் இருக்கும்.

அடுத்து சன்ஸ்க்ரீன், அதாவது வெயிலைத் தடுக்கும் க்ரீம். ஆஸ்திரேலியாவில் நாம்பர் என்ற ஊரில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரை நாலரை வருடம் கவனித்தார்கள். தினமும் பூசியவர்களுக்கு, தோன்றியபோது பூசியவர்களைவிடத் தோல் முதுமை 24 சதவீதம் குறைவாக இருந்தது. 2013-இல் வெளியான ஆய்வு அது. டியூபில் எஸ்.பி.எஃப். என்ற வெயில் தடுப்பு எண் 30-க்கு மேல், பி.ஏ. என்ற எழுத்துக்குப் பக்கத்தில் மூன்று கூட்டல் குறி இருப்பதாக வாங்குங்கள். மங்கு இருப்பதால் லேசாக நிறம் கலந்தது உங்களுக்கு இன்னும் நல்லது. அளவில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறோம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். அந்தக் கணக்கில் ஒரு வேளை பூசினாலே 50 கிராம் டியூப் ஒன்றரை மாதம் வருவதே கஷ்டம். எஸ்டேட் கூலியில் அது சின்னச் செலவு இல்லை என்று எனக்குத் தெரியும். மகள் 1,800 ரூபாய் செலவழிக்கத் தயாராக இருந்தால் இதற்கு அனுப்பச் சொல்லுங்கள். அதுவும் முகத்தில் க்ரீம் கிளப்பிய எரிச்சல் அடங்கியபிறகு ஆரம்பியுங்கள். அதுவரை தொப்பி போதும்.

பவுடர் வேண்டாம் என்பது என் பதில். குடிக்கும் கொலாஜனை வயிறு நேராக முகத்துக்கு அனுப்பாது. மற்ற புரதத்தைப் போலவே சிறு துண்டுகளாகச் செரித்துவிடும். தோலின் ஈரமும் இழுவையும் கொஞ்சம் கூடியதாகச் சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் 2025-இல் 23 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நிறுவனங்களின் பணத்தில் நடக்காத ஆய்வுகளில் அந்தப் பலன் தெரியவில்லை. குடித்தால் பெரும்பாலானவர்களுக்குக் கெடுதல் இல்லை, பணம்தான் போகும். கொலாஜன் க்ரீமும் அப்படித்தான். மேலே ஈரம் காக்கும். உள்ளே போகிற அளவுக்குச் சின்ன மூலக்கூறு இல்லை அது.

ஆட்டுக்கால் சூப் நல்ல சாப்பாடு, ஆசைப்பட்டால் குடியுங்கள். ஆனால் அதுவும் வயிற்றில் செரிக்கிற புரதம்தான். உடம்பு கொலாஜனைத் தானே செய்துகொள்ளும். அதற்குப் போதுமான புரதமும் வைட்டமின் சி-யும் வேண்டும். வைட்டமின் சி இல்லாவிட்டால் அந்தக் கயிற்றுக்கு முறுக்கு ஏறாது; பழைய காலத்துக் கப்பல்காரர்களுக்கு ஈறு அழுகி, ஆறிய புண் திரும்பத் திறந்தது அதனால்தான். ஒரு நாளைக்கு உங்களுக்குத் தேவை 65 மில்லிகிராம். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. லயத்துக் கொல்லையில் கொய்யா மரம் இருந்தால் அதுவே தாராளம், மாத்திரை தேவையில்லை. புரதம் 55 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 46 கிராம் அளவு. காலையில் கட்டன் சாயாவும் இரண்டு பன்னும், மதியம் கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) காந்தாரிச் சம்மந்தியும் (மிளகாய்த் துவையல்) என்றால் அது எட்டாது. கப்பையோடு மத்திக் குழம்பு, தினம் ஒரு முட்டை, மாலையில் அவித்த கடலை அல்லது பயறு என்று சேர்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ரத்தத்தில் கூடுதலாக ஓடும் சர்க்கரை கொலாஜனோடு ஒட்டி அதை விறைக்க வைக்கும்.

எலுமிச்சை வேண்டவே வேண்டாம். அதன் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் சூடு போட்டது போலக் கொப்பளித்துக் கறுக்கும். குழம்பில் பிழியுங்கள், முகத்தில் வேண்டாம். தேங்காய் எண்ணெய் வரட்சிக்கு நல்லது, வெயிலைத் தடுக்காது. வெற்றிலை பாக்கு போடும் பழக்கம் இருந்தால் இதையும் படியுங்கள். பாக்கு வாய்க்குள் கொலாஜனை அளவுக்கு மீறிச் சேர்த்துவிடும். கன்னத்தின் உட்புறம் இறுகி, மூன்று விரல் நுழையாத அளவுக்கு வாய் திறக்க முடியாமல் என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள். அது புற்றுநோய்க்கு வழிவிடுகிற நிலை. கூடப் புகையிலையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஆறாத புண், மாறிவரும் மச்சம் எது இருந்தாலும் க்ரீமைக் காட்டப் போகும்போதே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

சுருக்கத்தைக் குறைக்க மருந்தே இல்லையா என்றால், இருக்கிறது. ட்ரெட்டினாய்ன் போன்ற வைட்டமின் ஏ வகை க்ரீம்கள் தோலில் கொலாஜனைக் கொஞ்சம் திரும்ப உண்டாக்கும், பல வருட ஆய்வு இருக்கிறது. ஆனால் இப்போது உங்கள் முகம் அதைத் தாங்காது. ஸ்டீராய்டுப் புண் முழுக்க ஆறி, எரிச்சல் நின்று இரண்டு மூன்று மாதம் போகட்டும். பிறகு மருத்துவர் சீட்டோடு, வாரத்தில் இரண்டு இரவு, பட்டாணி அளவு மட்டும். பலன் தெரிய நாலைந்து மாதம் ஆகும். அவசரப்பட்டு அதிகம் பூசினால் நம் நிறத்தோலில் எரிந்த இடமெல்லாம் கறுப்பாகத் தங்கிவிடும். உங்கள் டியூபை எடுத்து மகள் பூசிக்கொள்ள விடாதீர்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் குழந்தைக்குத் திட்டமிடுபவர்களும் அதைத் தொடக்கூடாது.