ஆறு மாதப் பயணத்துக்கு எந்த பாலிசி?

கேள்வி: எனக்கு 63 வயது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். அமெரிக்காவில் மகளோடு ஆறு மாதம் தங்கப் போகிறேன். வழியில் இரண்டு வாரம் ஐரோப்பா. காப்பீட்டுத் தொகை பெரிதாக உள்ள பாலிசியாகப் பார்த்து எடுத்தால் போதுமா?

பதில்: போதாது. தொகை முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும். நீங்கள் படிக்க வேண்டியது பின்னால் பொடி எழுத்தில் இருப்பதை.

முதலில் உங்கள் ரத்த அழுத்தம். ஏற்கெனவே உள்ள நோய்களைப் பல பாலிசிகள் அடியோடு விலக்கிவிடும். சில பாலிசிகள் உயிருக்கே ஆபத்து என்றால் மட்டும், ஒரு சின்ன வரம்புக்குள் கொடுக்கும். விண்ணப்பத்தில் ‘நோய் இல்லை’ என்று டிக் அடித்துவிடலாம் என ஏஜெண்ட் சொன்னால் காதில் வாங்காதீர்கள். நெஞ்சுவலி என்று போய்ச் சேர்ந்தால், “என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?” என்றுதான் டாக்டர் ஆரம்பிப்பார். உங்கள் பதில் கேஸ் ஷீட்டில் ஏறும். க்ளெய்மைப் பரிசீலிப்பவர் புரட்டுவதும் அதே பக்கத்தைத்தான்.

“மூன்று மாதத்துக்கு எடுப்போம், பிறகு நீட்டித்துக்கொள்வோம்” என்று பலர் நினைக்கிறார்கள். நீட்டிப்பை பாலிசி முடியும் முன்பே கேட்க வேண்டும். இடையில் க்ளெய்ம் செய்திருந்தால் மறுக்கவும் செய்வார்கள். புதிதாக எடுத்தாலோ, முதல் மூன்று மாதத்தில் வந்த நோயும் ‘பழைய நோய்’ ஆகிவிடும். முழு ஆறு மாதத்துக்கும் ஒரே பாலிசியாக எடுங்கள். வருடாந்திர பாலிசி உங்களுக்குச் சரிவராது. அதில் ஒரு பயணத்துக்கு 30, 45 நாள் என்று வரம்பு உண்டு.

ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ காப்பீடு கேட்பார்கள். அது விசாவுக்கான கணக்கு. அமெரிக்க ஆஸ்பத்திரி பில்லுக்கு அது எந்த மூலைக்கு? ‘அமெரிக்கா, கனடா நீங்கலாக’ என்ற திட்டம் மலிவாகத் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள். அறுபதைக் கடந்தவர்களுக்கு அறை வாடகை, ஐசியு, அறுவை சிகிச்சை என ஒவ்வொன்றுக்கும் தனி உச்சவரம்பு வைக்கும் பாலிசிகளும் உண்டு. அந்த அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். டிடக்டிபிள், அதாவது முதலில் உங்கள் கைக்காசு எவ்வளவு என்பதும் அதனுடனே இருக்கும்.

ஆஸ்பத்திரியில் சேரும் முன், அவசரமென்றால் சேர்ந்த உடனேயே, காப்பீட்டு நிறுவனத்தின் உதவி மையத்துக்குச் சொல்லியாக வேண்டும். அந்த எண்ணை மகளின் போனிலும் ஏற்றிவிடுங்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கும்போது உங்களால் தேட முடியாது.