எம்.எல்.ஏ. பேசிவிட்டார், அமைச்சர் என்ன சொன்னார்?

ஒரு வாசகரின் கடிதம்: “குமரி மாவட்டத்துப் பட்டணங்கால் சானலின் (பாசனக் கால்வாய்) கிளை ஒன்றின் கடைவரம்பில், தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடத்தில், எங்கள் ஏலா (வயல்வெளி) இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மழையில் சானல் கரை உடைந்தது. மணல்மூட்டை அடுக்கியதோடு வேலை நின்றுவிட்டது. எங்கள் எம்.எல்.ஏ. சட்டசபையில் இதைப் பேசினார். வீடியோ கூட வந்தது. அதற்குப் பிறகு எட்டு மாதம் ஓடிவிட்டது. இப்போது ஒருவர், ‘சென்னையில் ஆள் இருக்கிறது, இருபதாயிரம் கொடுத்தால் கேள்வியாகவே போட்டு அமைச்சரைப் பதில் சொல்ல வைக்கிறேன்’ என்கிறார். கொடுக்கலாமா? அல்லது மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் ரிட் மனு போடுவதா?”

முதலில் அந்த இருபதாயிரம். கொடுக்காதீர்கள். பாதி இப்போது, பாதி வேலை முடிந்த பிறகு என்று இறங்கி வந்தாலும் கொடுக்காதீர்கள். சட்டப்பேரவையில் வினா கேட்கக் கட்டணம் என்று எதுவும் கிடையாது. உறுப்பினர் கையெழுத்திட்டு அறிவிப்புக் கொடுக்க வேண்டும், பேரவைத் தலைவர் அனுமதிக்க வேண்டும். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் உங்கள் ஊர்க்காரரின் ‘ஆளுக்கு’ நாற்காலி போடவில்லை. பணம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்கச் சம்மதித்த விவகாரத்தில் 2005 டிசம்பரில் மக்களவை உறுப்பினர்கள் 10 பேரும் மாநிலங்களவை உறுப்பினர் ஒருவரும் பதவி பறிக்கப்பட்டு வெளியேறினார்கள். உச்ச நீதிமன்றமும் 2007இல் அது சரி என்றே சொன்னது. சட்டமன்ற உறுப்பினர்களுக்கு வினா எழுதிக்கொடுத்தே தலை நரைத்தவன் நான். இந்த ஆட்களை விதவிதமாகப் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே பட்டியலில் வந்துவிட்ட வினாவைக் காட்டி, “நான் போட்டதுதான்” என்று காசு வாங்குகிறவர்கள் கூட உண்டு.

இனி அந்த வீடியோ. நீங்கள் அனுப்பியதைப் பார்த்தேன். நாற்பது வினாடி ஓடுகிறது. உங்கள் உறுப்பினர் நன்றாகவே பேசுகிறார். “அரசு ஆவன செய்யுமா?” என்று முடிக்கிறார். அமைச்சர் எழுந்து மைக்கைத் திருத்துகிறார். அந்த இடத்தில் வீடியோ வெட்டுப்பட்டிருக்கிறது! உங்களுக்கு வேண்டியது அதற்கு அடுத்த பத்து வினாடி. எட்டு மாதமாக ஊரில் ஒருவர் கூட அதைக் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

உறுப்பினர் பேசுவது அரசைக் கட்டுப்படுத்தாது. அமைச்சர் சொல்வது கட்டுப்படுத்தும். அரசியல் சட்டத்தின் 164ஆவது பிரிவுப்படி அமைச்சரவை கூட்டாகச் சட்டப்பேரவைக்குப் பொறுப்பு. உங்கள் சானல் கரையை அமைச்சர் நேரில் பார்த்திருக்க மாட்டார், ஆனால் “அது பொறியாளர் வேலை, எனக்குத் தெரியாது” என்று அவையில் சொல்லித் தப்ப முடியாது. அவைக்குள் அதிகாரிக்கு வாய் கிடையாது. மாடத்தில் உட்கார்ந்து துண்டுச் சீட்டு எழுதி அனுப்பலாம், அவ்வளவுதான். 1957இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொழிலதிபர் முந்திராவின் நிறுவனப் பங்குகளை வாங்கிய விவகாரம் மக்களவையில் வெடித்தபோது, அதிகாரி செய்ததற்கு அமைச்சரே பொறுப்பு என்று விசாரணையில் முடிவாகி, நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958இல் பதவி விலகினார். அதைக் கிளப்பிய பெரோஸ் காந்தி ஆளுங்கட்சிக்காரர். நம் மாவட்டத்தில் ஆறு தொகுதியிலும் கேட்கும் ‘எங்கள் எம்.எல்.ஏ. அந்தக் கட்சி, அதனால் வாய் திறக்க மாட்டார்’ என்ற பேச்சுக்காக இதைச் சொல்கிறேன்.

ஆகவே முதல் வேலை, அமைச்சரின் பதிலை வார்த்தை பிசகாமல் எடுப்பது. பேரவை நடவடிக்கைக் குறிப்பில் அது அச்சாகும். தேதி தெரிந்தால் உறுப்பினரின் உதவியாளரே எடுத்துத் தரலாம். “செய்து தரப்படும்”, “இந்த நிதியாண்டில் எடுத்துக்கொள்ளப்படும்” என்று இருந்தால் உங்கள் கையில் ஓர் உறுதிமொழி இருக்கிறது. அமைச்சர்கள் அவையில் கொடுத்த வாக்கு நிறைவேறியதா என்று பார்ப்பதற்கென்றே பேரவையில் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. துறையின் செயலாளர் அந்தக் குழு முன் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். எம்.எல்.ஏ. தன் லெட்டர்பேடில் பச்சை மையில் எழுதித் தரும் பரிந்துரையைவிட அந்த ஒரு வரி பத்து மடங்கு கனம். லெட்டர்பேடை வாங்கி, சால்வை போட்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்புகிற பழக்கத்தை எப்போது விடுவோமோ தெரியவில்லை.

இரண்டாவது, ரிட். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும் விஷயத்தைப் பேரவையில் பேசுவதில்லை என்பது விதி. நீங்கள் மதுரைக் கிளையில் மனுப் போட்டு, அதற்கு எண் விழுந்துவிட்டால், அடுத்த கூட்டத்தொடரில் உங்கள் உறுப்பினர் எழுந்தாலும் “வழக்கு நிலுவையில் உள்ளது” என்ற ஒரே வாக்கியத்தில் அமைச்சர் உட்கார்ந்துவிடலாம். வினாவே அனுமதிக்கப்படாமலும் போகலாம். பொதுமக்களின் மனுக்களை விசாரிக்கும் பேரவையின் மனுக்கள் குழுவும் உங்கள் மனுவை எடுக்காது. வழக்கு மூன்று வருடம் இழுத்தால் மூன்று வருடமும் அமைச்சருக்கு நிழல்தான். நீங்கள் வேண்டாம் என்று இருந்தாலும் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அதே சானலுக்கு வழக்குப் போட்டிருந்தால் இதே கதிதான். அதை முதலில் விசாரியுங்கள். போட்டவர் யார், எதற்காகப் போட்டார் என்பதையும் சேர்த்து விசாரியுங்கள். உடைப்பை அடைக்கக் கூடாது என்று நினைக்கிற ஆட்களும் வழக்குப் போடுவார்கள். வழக்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. கரையை யாராவது ஆக்கிரமித்திருந்தால் நீதிமன்றம்தான் வழி. உங்களுடையது ஆக்கிரமிப்பு இல்லை, செய்யாமல் விட்ட வேலை.

மனுக்கள் குழு என்றேன் அல்லவா? அது மாவட்டங்களுக்கு வரும்போது ஆட்சியர் அலுவலகம் செய்தி கொடுக்கும். மனு தமிழில், ஐந்து நகல்கள், தேதியோடு கையெழுத்து. ஒரே பிரச்சினை, ஒரே துறை. நீங்கள் எழுதி வைத்திருக்கும் மூன்று பக்க மனுவில் சானல் இருக்கிறது, பஞ்சாயத்துச் சாலை இருக்கிறது, தெருவிளக்கு இருக்கிறது, கடைசிப் பக்கம் முழுவதும் உதவிப் பொறியாளரைத் திட்டியிருக்கிறீர்கள். அரசு அலுவலர் மீது புகார் இருந்தால் அந்தக் குழு மனுவை ஏற்காது. கோபம் நியாயம்தான், ஆனால் அந்தக் கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள். சாலையையும் விளக்கையும் வேறு தாளில் வேறு இடத்துக்கு அனுப்புங்கள்.

நான்குவழிச் சாலை, ரயில் போன்றவை மத்திய அரசு, அதற்கு எம்.பி.யைப் பிடிக்க வேண்டும். நாடாளுமன்றத்தில் அமைச்சர் கொடுக்கும் உறுதிமொழிக்கு மூன்று மாதம் கெடு உண்டு. நெய்யாறு கேரளத்தோடு ஒட்டிய விவகாரம், அதை இங்கே தொடவில்லை.

இப்போது வினா. பதிலில் உறுதிமொழி எதுவும் இல்லை என்றால் உங்கள் உறுப்பினரை வினாவாகவே கேட்கச் சொல்லுங்கள். துறைக்கு நிதி ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் பத்து கோரிக்கையோடு பதினோராவதாகப் பேசினால் அமைச்சர் மொத்தமாக “பரிசீலிக்கப்படும்” என்று சொல்லி முடித்துவிடுவார். வினா அப்படி அல்ல. வினா அனுமதிக்கப்பட்டால் கோப்பு தலைமைச் செயலகத்திலிருந்து தலைமைப் பொறியாளர், கண்காணிப்புப் பொறியாளர், செயற்பொறியாளர் என்று இறங்கி உங்கள் ஊர் உதவிப் பொறியாளரின் மேசைக்கு வந்தே தீரும். அவர் கரைக்கு வந்து பார்த்து அறிக்கை எழுதி, அது மறுபடி மேலே ஏற வேண்டும். பல இடங்களில் அமைச்சர் பதில் சொல்வதற்கு முன்பே மண் லாரி வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். பதிலைவிட இந்த ஏற்ற இறக்கத்தில்தான் உங்களுக்கு லாபம். ஒரு லாரி மண்ணுக்கு ஒரு கோப்பு சென்னைக்கும் நம் மாவட்டத்துக் கருங்கல் ஊருக்கும் நடக்க வேண்டியிருக்கிறதே என்று கேட்காதீர்கள், கேட்டால் எனக்கும் கோபம் வரும்.

வினாவை எப்படி எழுதுவது என்பதில்தான் சூட்சுமம். வழக்கமாக எழுதுவது இப்படி: “(அ) கரையைச் சீரமைக்கும் கருத்துரு அரசின் பரிசீலனையில் உள்ளதா? (ஆ) ஆம் எனில், எப்போது?” இதற்குப் பதில்: “(அ) இல்லை. (ஆ) வினா எழவில்லை.” இரண்டு வரியில் கதை முடிந்தது. மாத்தூர் தொட்டிப்பாலத்தில் பரளியாற்றுக்கு மேலே நூறடி உயரத்தில் 1966 முதல் போய்க்கொண்டிருக்கிற தண்ணீர், உங்கள் ஊரில் ஒரு மணல்மூட்டையில் முட்டி நிற்பதற்கு அந்த “வினா எழவில்லை” போதும்.

இப்படி எழுதிக்கொடுங்கள்: “(அ) உடைப்பு ஏற்பட்ட நாள் எது? (ஆ) சீரமைப்புக்கான மதிப்பீடு எந்த நாளில் தயாரிக்கப்பட்டது, அதன் தொகை எவ்வளவு? (இ) அது தற்போது எந்த அலுவலகத்தில் உள்ளது? (ஈ) கடைவரம்பில் பாசனம் பெறாத நிலத்தின் பரப்பு எவ்வளவு?” இதில் எதற்கும் ‘இல்லை’ என்று பதில் சொல்ல வழியில்லை. மதிப்பீடே போடவில்லை என்றால் அதையும் அமைச்சரே வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டு உங்கள் உறுப்பினர் துணை வினா கேட்கலாம்.

இந்த நான்கு விவரங்களையும் முன்கூட்டியே தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வையுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், முப்பது நாள். வரும் பதிலின் நகலை வினாவோடு சேர்த்து உறுப்பினரிடம் கொடுங்கள். கன்னிப்பூ நெல் சாகுபடிக்கு அணை திறப்பதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். திறந்த பிறகு “தண்ணீர் ஓடுகிறது, வேலை செய்ய முடியாது” என்பார்கள்.